பிரான்சின் கிராமத்துச் சாலைகளில் சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்சும் சைக்கிளும் என்றால் எல்லோருக்கும் ஜூலை மாதம் நடக்கும் டூர் டி பிரான்ஸ் பந்தயம்தான் நினைவுக்கு வரும். என்னிடம் வரும் கேள்விகள் வேறு ரகம். சென்னை, கோவைப் பக்கம் நீண்ட தூரம் ஓட்டும் நண்பர்களும் சரி, பாரிஸிலேயே இருக்கும் உறவுக்காரர்களும் சரி, கேட்பது ஒன்றுதான்: லாரி வராத ரோடு, சின்னச் சின்ன ஊர்கள், அவசரமில்லாமல் ஓட்ட ஒரு வழி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மெசேஜ் அனுப்புவதை விட ஒரே இடத்தில் எழுதி வைப்பது மேல் என்று தோன்றியது. உதாரணங்களில் பாதி கிழக்குப் பிரான்சில், திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த தெற்குப் பர்கண்டியிலிருந்து வரும். நான் அதிகம் ஓட்டுவது அந்தப் பக்கம்தான்.

பிரான்சில் நிஜமாகவே வண்டி வராத ரோடு இருக்கா, இல்லை போட்டோவில் மட்டும்தானா?

இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஐரோப்பிய நாடுகளில் பிரான்சின் சாலை வலை மிகப் பெரியது. மாவட்டச் சாலைகள் மட்டும் சுமார் 3.8 லட்சம் கி.மீ., அதற்கும் கீழே ஊராட்சிச் சாலைகள் 7 லட்சம் கி.மீ.க்குப் பக்கம். நாட்டில் ஏறத்தாழ 35,000 ஊராட்சிகள். ஒவ்வொன்றும் தன் தேவாலயத்துக்கும் பண்ணைகளுக்கும் பக்கத்து ஊருக்கும் வழி போட்டு வைத்திருக்கிறது. பிறகு மக்கள் நகரங்களுக்குப் போய்விட்டார்கள், ரோடு மட்டும் தாருடன் அப்படியே இருக்கிறது. கிரஸ் மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு இருபது பேர் சொச்சம்தான். அங்கே காலையில் கிளம்பினால் தபால்கார அம்மாவின் மஞ்சள் வேன், ஒரு டிராக்டர், அப்புறம் மாடுகள், அவ்வளவுதான் எதிரே வரும்.

ஆனால் அமைதி தானாக அமையாது. அதே ஊருக்குப் போக இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு பெரிய சாலையும் இருக்கும். எதில் போகிறோம் என்பது மேப்பைப் பார்க்கத் தெரிவதில் இருக்கிறது.

ரோடு நம்பருக்கு முன்னால் ஏ, என், டி என்று போட்டிருக்கே, அதுக்கு என்ன அர்த்தம்?

ஏ என்பது விரைவுச்சாலை. சைக்கிளுக்கு அனுமதி இல்லை. என் தேசியச் சாலை; பெரும்பாலும் அனுமதி உண்டு, ஆனால் போகாதீர்கள். டி என்பது மாவட்டச் சாலை, நம் பயணத்தில் பெரும்பகுதி இதில்தான். அதற்கும் கீழே ஊராட்சிச் சாலைகள். பலவற்றுக்குப் பலகையில் எண்ணே இருக்காது. நீலச் சதுரத்தில் வெள்ளைக் கார் படம் போட்ட பலகையைப் பார்த்தால் திரும்பிவிடுங்கள். எழுத்து எதுவாக இருந்தாலும் அது மோட்டார் வண்டிகளுக்கு மட்டுமான சாலை.

ஓரத்தில் நிற்கும் கிலோமீட்டர் கல்லும் சொல்லும்: தலை சிவப்பாக இருந்தால் தேசியச் சாலை, மஞ்சளாக இருந்தால் மாவட்டச் சாலை.

அப்போ டி ரோடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாமா?

கூடாது. புதிதாக வருபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். 2006 வாக்கில் பழைய தேசியச் சாலைகளில் பெரும்பகுதியை அரசு மாவட்டங்களிடம் ஒப்படைத்துவிட்டது. எழுத்து மாறியது, லாரிகள் மாறவில்லை. பாரிஸிலிருந்து லியோன் போகும் பழைய என் 6, சோன் நதிக்கரையில் இன்று டி 906. பெயரில் கிராமத்துச் சாலை, குணத்தில் நெடுஞ்சாலை.

எண்ணில் 9 அல்லது 10 முன்னால் ஒட்டியிருந்தால், அதாவது டி 906, டி 1006 மாதிரி இருந்தால், சந்தேகப்படுங்கள். டி 14, டி 41 போன்ற சின்ன எண்கள் பரவாயில்லை ரகம், ஆனால் அதுவும் உத்தரவாதம் இல்லை. எண்ணை விட மேப்பில் உள்ள நிறம் நம்பகமானது.

எந்த மேப் நல்லது? கூகுள் போதாதா?

கூகுள் சைக்கிள் வழி என்று சில நேரம் வயல் வரப்பில் கொண்டுபோய் விடும், சில நேரம் நேராக டி 906-ல் ஏற்றிவிடும். வழி போடுவதற்கு நான் பார்ப்பது மிஷ்லான் காகித மேப். அதில் சிவப்புக் கோடு பெரிய சாலை, மஞ்சள் நடுத்தரம், வெள்ளை சின்னது. வெள்ளைதான் நம் நிறம். இரண்டு வெள்ளைக் கோடுகளை இணைக்க ஐந்து கிலோமீட்டர் மஞ்சளில் போக நேர்ந்தால் போகலாம். ஓரத்தில் பச்சைக் கோடு ஒட்டியிருந்தால் அழகான சாலை என்று பொருள். அழகான சாலைக்குக் காரில் வருபவர்களும் இருப்பார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

சாலை மேல் சின்ன அம்புக்குறிகள் இருக்கும், ஏறும் திசையைக் காட்டும். ஒரு அம்பு 5 முதல் 9 சதவீதம், இரண்டு என்றால் 9 முதல் 13, மூன்று என்றால் அதற்கும் மேல். மூன்று அம்பு தெரிந்தால் சாப்பாட்டை அதற்கு முன்னால் முடிக்காதீர்கள்.

போனில் என்றால் அரசு நில அளவை நிறுவனமான ஐஜிஎன் வரைபடங்களை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வழி போடும் ஆப்களில் ஓப்பன்ரன்னர், கொமூத் இரண்டும் இங்கே பரவலாக ஓடுகின்றன. போட்ட வழியை வீட்டிலேயே ஒருமுறை விரல் வைத்துப் பின்தொடர்ந்து பாருங்கள். எங்கே தடித்த கோட்டைத் தொடுகிறதோ அங்கே கை வைத்து மாற்றுங்கள்.

வுவா வெர்த், வெலோரூத், சைக்கிள் பாதை எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. வுவா வெர்த் என்பது கார் வராத தனிப் பாதை, பெரும்பாலும் கைவிட்ட ரயில் தடம் அல்லது கால்வாய்க் கரை. நடப்பவர்கள், குழந்தைகள், நாய்கள் எல்லாம் அதில் உண்டு. வெலோரூத் என்பது பலகை வைத்த நெடுந்தூர வழி. அதில் பாதி வுவா வெர்த்தாகவும் மீதி சாதாரணச் சின்னச் சாலையாகவும் இருக்கும். ஊருக்குள் ரோட்டோரமாகக் கோடு போட்டிருப்பது சைக்கிள் பாதை.

முதல் தடவை வரேன். ஒரே ஒரு நாள்தான். எங்கே ஓட்டலாம்?

தூர்னுவில் ரயிலிலிருந்து இறங்கி மாக்கோனில் ரயில் ஏறுங்கள். இரண்டும் திஜோன்–லியோன் பாதையில் உள்ள நிலையங்கள். சுற்றி வளைத்து 65 கி.மீ. போல வரும், அதற்குள் திராட்சைத் தோட்டம், ரோமானெஸ்க் என்ற பழைய பாணியில் கட்டிய தேவாலயம், மாட்டு மேய்ச்சல், ரயில் சுரங்கம் எல்லாம் வந்துவிடும்.

தூர்னுவிலிருந்து மேற்கே டி 14 பிடியுங்கள். ஊரைத் தாண்டியதும் ஓசனே வழியாக மெதுவாக ஏறும். உச்சியில் பிரான்சியோன் கணவாய். இடப்பக்கமோ வலப்பக்கமோ பார்க்காமல் இறங்கிவிடாதீர்கள். பக்கத்துக் குன்றின் மேல் பிரான்சியோன் கிராமம் இருக்கிறது. வெளியூர்க் கார்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும் என்பதால் உள்ளே சத்தமே இருக்காது. கோட்டை, 12-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம், மரத்தூண்கள் தாங்கும் பழைய சந்தைக் கூடம். தேவாலயத்துக்குப் பின்னால் நின்றால் குரோன் பள்ளத்தாக்கு முழுதும் கீழே விரிந்திருக்கும். இறக்கத்தில் ஷப்பேஸ், ஊரே ஒரு கைப்பிடிதான், ஆனால் 11-ஆம் நூற்றாண்டுத் தேவாலயத்தின் மணிக்கோபுரம் தூரத்திலிருந்தே வழி காட்டும். உள்ளே போய்ப் பாருங்கள், தூண்கள் உருளையாகத் தடித்து நிற்கும், அதில் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தும் இருக்கும்.

அடுத்து கொர்மத்தான். இங்கே டி 14-ஐ விட்டுவிட்டு வுவா வெர்த்தில் ஏறுங்கள். பக்கத்திலேயே ஓடும் டி 981-ல் வண்டிகள் பறக்கும், அந்தப் பக்கம் திரும்ப வேண்டாம். ஜிவ்ரியிலிருந்து குளூனி வரையிலான இந்தத் தடம்தான் பிரான்சின் முதல் வுவா வெர்த், 1997-ல் திறந்தது. தெய்ஸே குன்றின் அடிவாரம் வழியாகக் குளூனி வரும். 910-ல் நிறுவிய மடம். ரோமில் இன்றைய செயின்ட் பீட்டர் தேவாலயம் எழும்பும் வரை கிறிஸ்தவ உலகின் மிகப் பெரிய தேவாலயம் இங்கேதான் இருந்தது. புரட்சிக்குப் பிறகு கல் கல்லாக விற்றுவிட்டார்கள், மிச்சம் ஒரு ஓரம்தான்.

குளூனிக்குத் தெற்கே பாதை புவா கிளேர் சுரங்கத்துக்குள் போகும். 1.6 கி.மீ., உள்ளே விளக்கு உண்டு, ஆனால் ஆகஸ்டிலும் குளிரும். பையின் மேலாக ஜாக்கெட்டை வைத்துக்கொள்ளுங்கள். வெளவால்கள் தூங்குவதற்காகக் குளிர்காலத்தில் சுரங்கத்தை மூடிவிடுவார்கள். அப்போது மேலே கணவாய் வழியாக ஏற வேண்டும். அந்தப் பக்கம் இறங்கினால் மாக்கோன் வரை திராட்சைதான்.

எல்லாரும் லுவார் நதிக்கரை என்கிறார்களே, அது எப்படி?

நல்ல வழிதான். நெவேர் பக்கத்திலிருந்து அட்லாண்டிக் கடற்கரை வரை சுமார் 900 கி.மீ., பலகைகள் தெளிவு, தட்டையான நிலம், தங்குமிடம் ஏராளம். குழந்தைகளோடு போகிறீர்கள் என்றால் யோசிக்காமல் அதையே எடுங்கள். கோடையில் அரண்மனைகள் இருக்கும் பகுதியில் கூட்டம் அதிகம், அமைதி தேடி வருபவருக்கு அது சரிப்படாது. இன்னொன்று: அங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிக்கும். புத்தகங்கள் உள்நாட்டிலிருந்து கடலுக்குப் போகச் சொல்லும். கடலிலிருந்து உள்நாட்டுக்கு வந்தால் காற்று முதுகைத் தள்ளும்.

லுவார் வேண்டாம், பர்கண்டி பார்த்தாச்சு. அடுத்தது?

என் விருப்பம் தென்மேற்கே லோ மாவட்டத்தில் செலே ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஃபிஜாக்கிலிருந்து ஆறு லோ நதியில் கலக்கும் இடம் வரை சுமார் 50 கி.மீ. பெரும்பகுதிக்கு டி 41 ஆற்றின் கூடவே வளைந்து வளைந்து போகும். ஒரு பக்கம் சுண்ணாம்புக் குன்று தலைக்கு மேல் தொங்கும், இன்னொரு பக்கம் வால்நட் தோப்பு. எஸ்பாஞாக், மர்சியாக் என்று ஊர்கள். மர்சியாக்கில் பாதி இடிந்த மடம், கூரையில்லாத பகுதியில் புல் முளைத்திருக்கும். கப்ரெரே அருகே பெஷ் மெர்ல் குகை, உள்ளே பழைய கற்கால ஓவியங்கள். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்துத்தான் விடுகிறார்கள், முன்பதிவு அவசியம். ஜூலை, ஆகஸ்டில் படகு விடுபவர்களின் வேன்கள் ஓடும். மற்ற மாதங்களில் ரோடு உங்களுடையது. கால் தாங்கும் என்றால் பள்ளத்தாக்கை விட்டு மேலே கோஸ் பீடபூமிக்கு ஏறுங்கள். கல் வேலிகள், குட்டை ஓக் மரங்கள், செம்மறி ஆடு, டால்மன்கள் என்ற பழங்காலக் கல்திட்டைகள். மனிதர்களைத் தேட வேண்டியிருக்கும்.

புரோவான்ஸ் என்றால் நெஸ்க் ஆற்றுப் பள்ளம். வில்-சுர்-ஓசோனிலிருந்து சோ வரை டி 942 (எண்ணில் 9 இருந்தாலும் இங்கே பயப்பட வேண்டாம்), ஒரே சீரான மெதுவான ஏற்றம். பக்கத்து வாந்து மலைக்கு ஊரே திரண்டு போகும்போது இங்கே பாதிப் பேர் கூட வருவதில்லை.

எந்த மாசம் வரலாம்?

மே கடைசியிலிருந்து ஜூன், அல்லது செப்டம்பர். ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம். மே மாதத்தில் பொதுவிடுமுறைகள் அடுத்தடுத்து வரும் (1, 8, அப்புறம் ஈஸ்டரைப் பொறுத்து விண்ணேற்ற வியாழன்), அந்த வார இறுதிகளில் தங்குமிடம் கிடைப்பது கஷ்டம். ஜூலை, ஆகஸ்டில் தெற்கே வெயில் கடுமை. ஓட்டினால் காலை ஆறு மணிக்குக் கிளம்பி மதியத்துக்குள் நிறுத்துங்கள். ரோன் பள்ளத்தாக்கில் மிஸ்த்ரால் காற்று வடக்கிலிருந்து வரும், எந்த மாதம் ஆனாலும் அங்கே தெற்கு நோக்கியே வழி போடுங்கள்.

வலது பக்கம் ஓட்டணும், சரி. வேற என்ன ரூல் தெரிஞ்சிருக்கணும்?

உயிர் காக்கும் விதி ஒன்று உண்டு: பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. நீங்கள் அகலமான சாலையில் நேராகப் போகிறீர்கள், வலப்பக்கச் சந்திலிருந்து ஒரு கார் நிற்காமல் வருகிறது. தப்பு அவர் மேல் இல்லை. கிராமங்களுக்குள் இது நிறைய. மஞ்சள் வைரப் பலகை இருந்தால் உங்களுக்கு முன்னுரிமை, அதில் குறுக்கே கறுப்புக் கோடு இருந்தால் அந்த உரிமை முடிந்தது.

மற்றவை சுருக்கமாக. இரவிலோ மங்கலிலோ ஊருக்கு வெளியே ஒளிரும் மேலங்கி கட்டாயம். முன், பின் விளக்கும் வேண்டும். மணி எப்போதும் கட்டாயம். காதில் ஹெட்போன் கூடாது, ஒரு காதில் கூட. 12 வயதுக்குக் கீழே ஹெல்மெட் கட்டாயம் (2017 முதல்). பெரியவர்களுக்குச் சட்டம் இல்லை, நான் போடாமல் ஓட்ட மாட்டேன். கார்கள் உங்களைத் தாண்டும்போது ஊருக்குள் 1 மீட்டர், வெளியே 1.5 மீட்டர் இடம் விட வேண்டும். கிராமத்துக்காரர்கள் பெரும்பாலும் அதை மதிப்பார்கள், பின்னால் பொறுமையாகவும் வருவார்கள்.

ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல பேசிக்கிட்டே ஓட்டலாமா?

சட்டப்படி இரண்டு பேர் இணையாகப் போகலாம். இரவானாலும், பின்னால் வரும் வண்டி தாண்ட நினைத்தாலும் ஒற்றை வரிசைக்கு வந்துவிட வேண்டும். மூன்று பேர் இணையாகப் போகக் கூடாது.

ரோட்டுப் பக்கத்தில் சைக்கிள் பாதை இருந்தா கட்டாயம் அதில்தான் போகணுமா?

பலகையின் வடிவத்தைப் பாருங்கள். நீல வட்டத்தில் சைக்கிள் படம் என்றால் கட்டாயம், நீலச் சதுரம் என்றால் விருப்பம். வுவா வெர்த் பலகை சதுரம்தான், எனவே கூட்டமான ஞாயிற்றுக்கிழமை அதை விட்டுவிட்டு ஊராட்சிச் சாலையில் போவதை யாரும் தடுக்க முடியாது.

சாப்பாடு எங்கே கிடைக்கும்? வழியில் கடை இருக்குமா?

இந்த நாட்டில் சைக்கிள்காரரைத் தோற்கடிப்பது மேடு இல்லை, கடிகாரம். பல கிராமங்களில் கடையே இல்லை. இருக்கும் கடை பன்னிரண்டரைக்கு மூடி மூன்று மணிக்கு மேல்தான் திறக்கும். உணவகத்தில் மதியச் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை; இரண்டு மணிக்குப் போய் நின்றால் மேசை காலியாக இருந்தாலும் சமையலறை மூடிவிட்டது என்பார்கள். கெஞ்சிப் பயனில்லை. ஞாயிறு மதியத்துக்கு மேல் ஒன்றும் கிடையாது. பேக்கரிகளுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, பல ஊர்களில் அது திங்கள். ஞாயிறு மாலை தொடங்கி செவ்வாய் காலை வரை பட்டினி என்ற நிலைமை வெறும் கதை இல்லை.

அதனால் என் வழக்கம்: காலையில் முதலில் தென்படும் பேக்கரியிலேயே மதியத்துக்கும் வாங்கிவிடுவது. தேவாலய மணி நண்பகலுக்கு அடிக்கும்போது கையில் ரொட்டி இல்லையென்றால் கவலைப்பட ஆரம்பிக்கலாம். சந்தை நாள் எந்த ஊரில் எந்தக் கிழமை என்று பார்த்து அதற்கேற்ப வழி போட்டால் சீஸ், பழம், தக்காளி எல்லாம் கிடைக்கும். சில ஊர்களில் பகெத் ரொட்டிக்குத் தானியங்கிப் பெட்டி வைத்திருக்கிறார்கள், காசு போட்டால் ஒன்று நீட்டும். சுமார்தான், ஆனால் ஞாயிறு சாயங்காலம் அது தேவாமிர்தம்.

எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் பொன்ஜூர் சொல்லுங்கள். சொல்லாமல் நேராக விலை கேட்டால் அதன் பிறகு நீங்கள் என்ன பேசினாலும் எடுபடாது.

நான் சுத்த சைவம். சமாளிக்க முடியுமா?

முடியும், ருசிக்கு ஆசைப்படாவிட்டால். ரொட்டி, சீஸ், பழம், தயிர் எப்போதும் உண்டு. உணவகத்தில் சூடான ஆட்டுப்பால் சீஸ் சாலட் கேளுங்கள், கூடவே இறைச்சித் துண்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சாலட்டில் பன்றி இறைச்சியைப் பொடியாக வெட்டித் தூவுவது இங்கே வழக்கம், அதை இறைச்சியாகவே பலர் எண்ணுவதில்லை. பேக்கரியில் விற்கும் கீஷிலும் (முட்டை, கிரீம் ஊற்றிச் சுட்ட பண்டம்) அது இருக்கும். இறைச்சி இல்லாமல் என்று மட்டும் சொன்னால் மீன் வரும். முட்டை சாப்பிடுபவர் என்றால் ஆம்லெட் எங்கேயும் போடுவார்கள். இரவுக்கு, வாரத்தில் ஒரு நாள் கிராமத்துச் சதுக்கத்துக்கு வரும் பீட்சா வேன் கைகொடுக்கும். ஊறுகாய்ப் பாக்கெட் கொண்டு வாருங்கள்.

தண்ணீர்?

கல்லறைத் தோட்டத்தில் பிடியுங்கள். முகம் சுளிக்க வேண்டாம், இங்கே எல்லா சைக்கிள்காரர்களும் செய்வதுதான். பூச்செடிகளுக்கு ஊற்றுவதற்காக ஒவ்வொரு ஊர்க் கல்லறையிலும் வாயிலருகே குழாய் இருக்கும், பெரும்பாலும் ஊர்க் குடிநீர் இணைப்பு. நோன் பொத்தாப்ல் என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது. ஊராட்சி அலுவலகம் அல்லது தேவாலயத்தை ஒட்டிப் பொதுக் கழிப்பறையும் குழாயும் இருப்பதுண்டு. குளிர்காலத்தில் குழாய் உறையாமலிருக்க மூடிவிடுவார்கள்.

சைக்கிளை ரயிலில் ஏற்ற விடுவார்களா?

பிராந்திய ரயில்களில் (டெர்) அப்படியே உருட்டி ஏற்றலாம். பெரும்பாலான பிராந்தியங்களில் கட்டணம் இல்லை, சிலவற்றில் கோடையில் முன்பதிவு கேட்பார்கள். அதிவேக ரயில்களில் எல்லா வண்டியிலும் இடம் கிடையாது. டிக்கெட் போடும்போதே சைக்கிளுக்கும் சேர்த்து எடுக்க வேண்டும், 10 யூரோ. கழற்றிப் பையில் போட்டால் சாமான் கணக்கு. வெள்ளி மாலை, ஞாயிறு மாலை ரயில்களைத் தவிர்த்துவிடுங்கள், சைக்கிள் மாட்டும் கொக்கிகள் நிறைந்திருக்கும்.

எந்த மாதிரி சைக்கிள்? பங்ச்சர் ஆனா என்ன பண்றது?

தார்ச்சாலைக்கு ரோடு சைக்கிளே போதும், ஆனால் டயர் 28 அல்லது 32 மி.மீ. போடுங்கள். சின்னச் சாலைகளின் தார் சொரசொரப்பு. ஏற்றங்கள் நீளமில்லை, செங்குத்து. மேப் பதிலில் சொன்ன இரட்டை அம்பு வரும்போது பின் பல்சக்கரத்தில் 32 பல்லாவது இருந்தால் மூட்டு நன்றி சொல்லும். பங்ச்சர் கடை என்ற ஒன்று கிராமத்தில் இல்லை. ட்யூப் இரண்டு, லீவர், பம்ப், செயின் இணைப்பு ஒன்று, எல்லாம் உங்களிடமே இருக்க வேண்டும். சைக்கிள் கடை மாவட்டத் தலைநகரில் இருக்கும், அதுவும் ஞாயிறும் பெரும்பாலும் திங்களும் மூடியிருக்கும்.

ராத்திரி எங்கே தங்குறது?

கூடாரம் இருந்தால் ஊராட்சி நடத்தும் முகாம் தளம்; மலிவு, சுத்தம், ஆற்றோரம். இல்லையென்றால் வீட்டோடு சேர்ந்த விருந்தினர் அறைகள். முன்கூட்டியே கேட்டால் இரவுச் சாப்பாடும் தருவார்கள், அதையே தேர்ந்தெடுங்கள், காரணம் மேலே சாப்பாட்டுப் பதிலில் இருக்கிறது. அக்கே வெலோ என்ற பலகை இருந்தால் சைக்கிளைப் பூட்டி வைக்க இடம் தருகிறார்கள் என்று பொருள். கண்ட இடத்தில் கூடாரம் அடிப்பதற்குத் தடைகள் பல. நில உரிமையாளரிடம் கேட்டுவிட்டு அடித்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

வேட்டைக்காரர்கள் சுடுவார்களாமே? நாய் துரத்துமா?

வேட்டைக் காலம் பொதுவாக செப்டம்பரிலிருந்து பிப்ரவரி கடைசி வரை. கூட்டு வேட்டை நடந்தால் சாலையோரம் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். அப்போது காட்டுப் பாதைக்குள் போகாமல் தார்ச்சாலையிலேயே இருங்கள், பளிச்சென்ற நிறத்தில் சட்டை போடுங்கள். இலையுதிர் காலத்தில் பழுப்பு, பச்சை உடுப்பு வேண்டவே வேண்டாம்.

பண்ணை நாய்கள் பெரும்பாலும் வேலி வரை ஓடி வந்து குரைப்பதோடு சரி. ஆல்ப்ஸ், பிரெனே மலைகளில் ஆட்டு மந்தையைக் காக்கும் பெரிய வெள்ளை நாய் வேறு விஷயம். மந்தை தெரிந்தால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து, நிதானமாகத் தள்ளிக்கொண்டு விலகிப் போங்கள். வேகமாக மிதித்தால் அது துரத்தும்.

ரூத் பாரே என்று ரோட்டை அடைத்து வைத்திருக்கான். சைக்கிள் போகலாமா?

சட்டப்படி சைக்கிளுக்கும் சேர்த்துத்தான் அடைப்பு. நடைமுறையில், தார் போடும் வேலை என்றால் ஆட்களிடம் கேட்டால் தள்ளிக்கொண்டு போகச் சொல்வார்கள். பாலமே இல்லை என்றால் திரும்பத்தான் வேண்டும். எனவே இறக்கத்தின் தலையில் இந்தப் பலகையைப் பார்த்தால் கீழே இறங்குவதற்கு முன் யாரையாவது விசாரியுங்கள். மாற்று வழிப் பலகை கார்களுக்கானது, அது உங்களைப் பெரிய சாலைக்குக் கொண்டுபோகும். மேப்பை விரித்து வேறு வெள்ளைக் கோடு தேடுங்கள்.

கிராவியோன் என்று எழுதியிருந்தால் புதிதாகத் தாரின் மேல் பொடிக்கல் கொட்டியிருக்கிறார்கள். கோடையில்தான் இந்த வேலை. வளைவில் பிரேக் பிடிக்காதீர்கள், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள்.

பர்கண்டி வரை போயிட்டு வைன் குடிக்காம வர்றதா?

கார் ஓட்டுபவருக்கு உள்ள அதே வரம்பு, லிட்டருக்கு 0.5 கிராம், சைக்கிளுக்கும் உண்டு. பாட்டிலை வாங்கி மாலையில் திறந்துகொள்ளுங்கள். செப்டம்பர் அறுவடையின்போது திராட்சைத் தோட்டத்து ஒற்றையடிச் சாலைகளில் டிராக்டர்களும் ஆள் ஏற்றிய வேன்களும் வரும்; அந்த இரண்டு வாரம் அங்கே அமைதி கிடையாது, கலகலப்பு உண்டு.

பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ஓட்ட வரேன். அதிலேயே கிராமம் எல்லாம் பார்த்துடலாமே?

தெரியாதவர்களுக்கு: இது பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் நெடுந்தூர சைக்கிள் ஓட்டம். 1891-ல் தொடங்கியது, இன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, 1200 கி.மீ.க்கு 90 மணி நேரம். இந்தியாவிலிருந்து நூற்றுக்கணக்கானோர் வருகிறார்கள். கிராமத்துக்காரர்கள் நடுராத்திரியில் மேசை போட்டு காப்பியும் கிரெப்பும் (மெல்லிய தோசை மாதிரி) தருவதைப் பார்க்க அதைப் போல வாய்ப்பு வேறு இல்லை. ஆனால் வழியில் வரும் வில்லேன்-லா-ஜுவேல் ஊரை நீங்கள் பார்ப்பது தூக்கக் கலக்கத்தோடுதான். முடிந்தால் பயணத்தை ஒரு வாரம் நீட்டி, மேற்குப் பிராந்தியமான பிரெத்தாஞில் நாந்த்–பிரெஸ்ட் கால்வாய்க் கரைக்குப் போங்கள். 360 கி.மீ.க்கு மேல் நீளம், மதகு மதகாக நிதானமாகப் போகலாம். வலிக்கும் கால்களுக்கு அதை விடத் தோதான வழி தெரியவில்லை.

சிக்னல் இல்லாத இடத்தில் விழுந்துட்டா, எங்கே இருக்கேன்னு எப்படிச் சொல்றது?

அவசர எண் 112. உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால் இந்த அழைப்பு போகும். பேச முடியாத நிலையில் 114-க்கு எஸ்எம்எஸ் அனுப்பலாம். இது பிரெஞ்சு சிம்மில் வேலை செய்யும், வெளிநாட்டு சிம்மை நம்பாதீர்கள். இடம் சொல்ல மூன்று விஷயம் போதும்: ஊராட்சியின் பெயர், சாலை எண், பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண். ஒவ்வொரு ஊருக்குள் நுழையும்போதும் சிவப்பு ஓரப் பலகையில் உள்ள பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்துக்கொள்ளுங்கள். எதுவுமே எட்டவில்லை என்றால் சாலையோரமாக உட்கார்ந்து, சைக்கிளை ரோட்டிலிருந்து தெரியும்படி வையுங்கள். தபால் வேன் வேலை நாளில் கட்டாயம் வரும்.